கெர்லிங்கில் ரயில் நிற்பதில்லை

பத்துமலைக்கு நடந்து போய் வேண்டுதலை முடித்துவிட்டு, அன்றைக்கே கெர்லிங்கில் இருக்கும் தன் வீட்டுக்கு எப்படி வந்து சேர்வது என்று எனக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் என் அண்ணன்தான். அப்போது அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். கல்லீரல் முழுக்கக் கெட்டுவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தும் போனில் என்னிடம் பஸ்ஸையும் ரயிலையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அண்ணன் கடைசிவரை கார் வாங்கவில்லை. கெர்லிங்கிலிருந்து ரவாங் தொழிற்சாலைக்கு பஸ்ஸும் கொமுட்டர் ரயிலுமாகவே போய் வந்து ஆயுசைக் கழித்தவர். அதனால் அவர் பேச்சில் சந்தேகமே இருக்காது. பத்துமலையில் ரயில் ஏறு, வடக்கே போகவேண்டியவள் தெற்கே போகிறோமே என்று பயப்படாதே, புத்ராவில் இறங்கி எதிர்ப்பக்கம் போகும் தஞ்சோங் மாலிம் ரயிலைப் பிடி, கெர்லிங்கில் இப்போது ரயில் நிற்பதில்லை, ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே கோலகுபு பாருவில் இறங்கி பஸ் ஏறு. பஸ் இல்லையென்றால் மட்டும் தஞ்சோங் மாலிம் வரை போய்த் திரும்பி வா. இதையே தினமும் சொல்வார். "எனக்கென்ன காது கேக்காதாண்ணே?" என்று நான் எரிந்து விழுவேன். மூச்சு வாங்கிக்கொண்டு சிரிப்பார்.

அன்றைக்கே வரவேண்டும் என்று அடம் பிடித்தது நான்தான். அபிஷேகப் பாலை அவர் வாயில் ஊற்றி, நெற்றியில் திருநீறு பூசிவிட்டால் எழுந்துவிடுவார் என்று நம்பினேன். மறுநாள் என்றால் பால் தாங்காது. டாக்டர் கைவிட்ட பிறகு வேறு எதை நம்புவது? எனக்கு அண்ணன் அவர் ஒருவர்தான். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்து, தலைப்பிரசவத்துக்குத் தோட்டத்து லய வீட்டு வாசலில் ராத்திரி முழுக்க நின்றவர்.

எங்கள் தோட்டத்துக் கோயிலிலிருந்து வருடா வருடம் தைப்பூசத்துக்கு ஒரு கூட்டம் பத்துமலைக்கு நடக்கும். கோல சிலாங்கூரில் கிளம்பி இரவில் நடந்து, தார் ரோடு கொதிக்கும் பகலில் எங்காவது கோயில் மண்டபத்தில் படுத்துக்கொள்வோம். செருப்பு கிடையாது. கையில் மஞ்சள் காப்பு கட்டிவிட்டால் எல்லோரும் ஒருவருக்கொருவர் சாமிதான். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். கோயில் பக்கம் அதிகம் தலைகாட்டாத அவரும், உன்னைத் தனியாக விட முடியாது என்று அந்த முறை காப்புக் கட்டாமல் கூடவே நடந்தார்.

முதல் இரவு நன்றாகவே நடந்தேன். மறுநாள் பகலில் ஈஜோக்கில் ஒரு கோயில் மண்டபத்தில் படுத்தோம். நான் தூங்கி எழுந்தபோது வீட்டுக்காரர் வெளியே மரத்தடியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வந்தவர் என் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தில் எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து என் காலை அவர் தொட்டதில்லை. "என்ன சாமி, புதுசா பக்தி வந்துருச்சா?" என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

அன்றிரவு நடக்கும்போது பெண்கள் என்னை நடுவில் விட்டுக்கொண்டார்கள். ஒருத்தி என் பையை வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி போனுக்குச் சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவே இல்லை. பாட்டு மட்டும் ஏனோ எடுபடவில்லை. என் மேல் இத்தனை பேருக்கு இவ்வளவு பிரியமா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வழி முழுக்க, அண்ணன் எழுந்து உட்கார வேண்டும், அது போதும் என்று முருகனிடம் கெஞ்சிக்கொண்டே போனேன். சுங்கை பூலோ தாண்டிக் கொப்புளம் உடைந்தபோதுகூட, வலிக்கட்டும், வலித்தால்தான் கணக்கில் சேரும் என்று நினைத்தேன். அத்தனை முட்டாளாக இருந்திருக்கிறேன்.

பத்துமலையில் விடியும்போது படியேறினேன். பால்குடத்தைக் கொடுத்து, கொஞ்சம் பாலைச் செம்பில் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினோம். ஆற்றோரம் கூட்டம் குறைந்த இடமாகப் பார்த்து வீட்டுக்காரர் என்னை உட்கார வைத்தார். காப்பை அவரே அவிழ்த்தார். அவிழ்த்துத் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணன் போயிட்டாரும்மா."

எப்போது என்று கேட்டேன். நேற்று மத்தியானம் என்றார். அப்போது நாம் ஈஜோக்கில் இருந்தோமா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

காப்புக் கட்டியவர் காதில் சாவுச் செய்தி விழக்கூடாது. விழுந்தால் தீட்டு, வேண்டுதல் பாதியில் முறிந்துவிடும். அதனால் காப்பு அவிழ்க்கும்வரை மறைத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் இதை யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். சொன்னால்தான் தப்பு என்பார்கள். ஆனால் ஈஜோக்கிலிருந்து கார் வைத்து ஓட்டினால் சாயங்காலத்துக்குள் கெர்லிங்குக்குப் போயிருக்கலாம். ராத்திரி முழுக்க அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, செத்துப்போனவர் எழுந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே ஒரு ராத்திரி முழுக்க நடந்திருக்கிறேன். அது என்னைத் தவிரக் கூட நடந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்திக்குக்கூட வாய் வரவில்லை.

நான் அழவில்லை. கோபம் அழுகையை அடைத்துக்கொண்டது. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டேன். தைப்பூசமாக இருப்பதால் பூசாரியும் வண்டியும் கிடைப்பதே கஷ்டம், நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டிக்காரன் இப்போது மூன்றுக்கே வருகிறேன் என்கிறான், எனக்காக முடிந்தவரை பார்க்கிறார்களாம். முகத்தையாவது பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் அந்த நாளில் எனக்கு எதுவும் வேண்டாம்.

சுற்றி எல்லா ரோட்டையும் அடைத்துவிட்டார்கள். வாடகைக் காரைப் போனில் கூப்பிட்டால் உள்ளே வர மாட்டேன் என்றார்கள். கூட்டத்தோடு வந்த வேன் எங்கோ தூரத்தில் நின்றது, அதை வெளியே எடுக்கவே சாயங்காலம் ஆகும் என்றார்கள். மிச்சமிருந்தது அண்ணன் போட்டுக் கொடுத்த வழிதான்.

ஸ்டேஷனுக்குள் நுழையவே வரிசை ரோடு வரை நீண்டிருந்தது. மொட்டைத் தலைகள், தூங்கிப் போன குழந்தைகள், யானை பலூன். எல்லோர் முகத்திலும் வேண்டுதலை முடித்த நிறைவு. எனக்கு அவர்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இரண்டு ரயில் எங்களை ஏற்றாமலே போனது. மூன்றாவதில் அவர் என்னைத் தள்ளி ஏற்றிவிட்டுத் தானும் தொற்றிக்கொண்டார். புத்ராவில் இறங்கி எதிர்ப்பக்கம் போனால், தஞ்சோங் மாலிம் ரயில் அப்போதுதான் போயிருந்தது. அடுத்ததற்கு ஏகப்பட்ட நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்தபோதுதான் செம்பு இன்னும் கையில் இருப்பதைக் கவனித்தேன். பக்கத்திலிருந்த பெண் தன் குழந்தைக்குக் கொஞ்சம் பிரசாதம் கேட்டாள். மொத்தத்தையும் கொடுத்துவிட்டேன்.

ரயில் ஏறிய பிறகு வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பித்தார். கோலகுபு பாருவில் இறங்க வேண்டாம், விடுமுறை நாள், பஸ் வருமா வராதா தெரியாது, அங்கே டாக்சியும் நிற்காது, நடுவில் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான், தஞ்சோங் மாலிம் போனால் எப்படியும் டாக்சி கிடைக்கும் என்றார். அண்ணன் கோலகுபு பாரு என்றுதானே சொன்னார் என்றேன். பஸ் இல்லாவிட்டால் தஞ்சோங் மாலிம் என்றும் அவர்தானே சொன்னார் என்றார். வீட்டுக்காரர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் சொல்லி நான் கேட்கும் நிலையில் இல்லை.

"ஒங்க இஷ்டம். நேத்திலேர்ந்து எல்லாம் ஒங்க இஷ்டப்படிதான நடக்குது" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

ரவாங், செரண்டா, பத்தாங் காலி. ஒவ்வொன்றிலும் கதவு திறந்து, ஒருவரும் ஏறாமல், நிதானமாக மூடியது. கோலகுபு பாருவிலும் திறந்தது. நான் எழுந்து கதவருகே போய் நின்றேன். இறங்கலாமா வேண்டாமா என்று கால் தவித்தது. அவர் பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டார். கதவு மூடிவிட்டது.

கெர்லிங் வந்தது. கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பார்த்தேன். அண்ணன் வீடு இருக்கும் தாமான் குடியிருப்பு தண்டவாளத்திலிருந்து ரொம்பத் தூரமில்லை. அங்கே அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருப்பார்கள். நான் பார்த்தது செம்பனை மரங்களும், ஒரு பாலமும், மோட்டார் சைக்கிளில் போன ஒரு ஆளும்தான். ரயில் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. என் அண்ணனைத் தாண்டிக்கொண்டு போகிறேன்.

தஞ்சோங் மாலிமில் டாக்சி கிடைத்தது. வந்த வழியே திரும்பினோம். தாமானுக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டு வாசலிலிருந்து தண்ணீர் கால்வாய்க்கு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். ஆண் ஒருவர்கூட இல்லை.

சுடுகாட்டுக்காவது போகிறேன் என்று திரும்பினேன். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். பொம்பளைகள் போகக்கூடாது, இந்நேரம் கொள்ளி வைத்திருப்பார்கள், போயும் என்ன பார்க்கப் போகிறாய் என்றார்கள். வண்டிக்காரன் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். நான் ரயிலில் தாண்டிப் போன நேரத்தில்தான் எடுத்திருக்கிறார்கள்.

அண்ணி ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், வேண்டுதல் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டார். வழியெல்லாம் அடக்கி வைத்திருந்தது அப்போது வெடித்துவிட்டது. ஒரு போன், ஒரே ஒரு போன் என்னிடம் பேசியிருக்கக்கூடாதா, உங்கள் தீட்டும் வேண்டுதலும் நாசமாய்ப் போக, என் அண்ணன் முகத்தை எனக்குக் காட்டாமல் செய்துவிட்டீர்களே என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். கழுவிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அண்ணி நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நான் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அவருதான் வேணாம்னாரு. நேத்துக் காலையிலேயே அவருக்குத் தெரிஞ்சிப்போச்சி. நான் போயிட்டா தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க, அவ நடந்து முடிக்கட்டும்னாரு. பாதியில நின்னுட்டா, நம்ம வேண்டுதல் முடியாம போனதாலதான் அண்ணன் போயிட்டான்னு காலம் பூரா கெடந்து அழுவாளாம். மாப்பிளகிட்டயும் அவரேதான் பேசினாரு. சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வெளிக்குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் காலிலும் கொப்புளங்கள் உடைந்து இரத்தம் கட்டியிருந்தது. காலையிலிருந்து அவர் மறைத்ததை மட்டுமே கணக்கு வைத்திருந்த நான், அதுவரை அதைப் பார்க்கவில்லை.

அண்ணன் சொன்னது சரிதான். ஈஜோக்கிலேயே தெரிந்து நான் நின்றிருந்தால் அப்படித்தான் அழுதிருப்பேன். என்னை அவ்வளவு தெரிந்தவர் இனி யாரும் கிடையாது. யார்மேல் கோபப்படலாம் என்று தேடிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. கழுவிவிட்ட தரை காயவில்லை. ஈரத்திலேயே உட்கார்ந்து, அப்போதுதான் அழுதேன்.