சேவல் இல்லாத வீட்டில் அடை

என் கணவர் தாலுகா ஆபீஸில் கிளார்க். கோழி வளர்ப்புப் பயிற்சி என்று ஒரே ஒரு நாள் போய், டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வந்தார். அன்று முதல் எங்கள் வீட்டில் கோழியைப் பற்றி வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. நான் கீரமங்கலத்தில் கோழிகளோடு வளர்ந்தவள் என்பதெல்லாம் எந்த மூலைக்கு.

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டையில் வாடகை வீடு. கொல்லையில் இரண்டு வெள்ளை லெகார்ன் பெட்டைகள். சேவல் கிடையாது. விடியுமுன் கூவினால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பெட்டைகளை வாங்கியதே எங்கள் மகளுக்காகத்தான். டைபாய்டு வந்து எலும்பும் தோலுமாகிவிட்டவளுக்குத் தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொன்னார் டாக்டர். முட்டை தின்னத் தொடங்கி ஒரு மாதத்தில், சுவரைப் பிடிக்காமல் நடந்தாள்.

அந்த நேரம் பார்த்து இவருக்குப் பண்ணை வைக்கும் யோசனை வந்தது.

"இனிமே முட்டையை யாரும் தொடக் கூடாது. அடை வைக்கப் போறேன்."

"ஏங்க, சேவல் இல்லாம எப்படிங்க?"

"சீமைக் கோழிக்கு அதெல்லாம் வேண்டாம். படிச்சவுங்க சொல்லியிருக்காங்க."

சேவல் இல்லாமலே முட்டையிடும் என்று படித்தவர்கள் சொன்னதை, இவர் குஞ்சு வரைக்கும் நீட்டிக்கொண்டார். லெகார்ன் அடை உட்காராது என்பதால், மோர் விற்க வரும் அம்மாளிடம் ஒரு நாட்டுக்கோழியைப் பங்கு வாரத்துக்கு வாங்கினார். பொரிக்கும் குஞ்சில் பாதி அவளுக்கு. கூடையில் வைக்கோல் பரப்பி, இடி விழுந்தாலும் முட்டை கெடாமலிருக்க ஆணியும் கரித்துண்டும் போட்டு, பதினோரு முட்டைகளை வைத்தார். இடிக்கான ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் சேவல் இல்லாத விஷயம் மோர்க்காரம்மாவுக்கு மறுநாள்தான் தெரிந்தது. "எல்லாம் கூமுட்டையாத்தான் போகும் ஆத்தா. எங்கோழி இருவத்தோரு நாளு சும்மா கெடக்கணுமா?"

கோழியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இவர் முட்டை சேர்த்த பத்து நாளில் மகள் மறுபடி சுவரைப் பிடிக்கத் தொடங்கியிருந்தாள். அவர் ஆபீஸ் போனதும், பதினொன்றையும் எடுத்துவிட்டு, மோர்க்காரம்மா மடியில் கட்டி வந்த நாட்டு முட்டைகளை வைத்தோம். கோழி கொத்தும் என்று பயந்து, பயிற்சி பெற்றவர் கூடைப் பக்கமே போகவில்லை. எடுத்ததிலிருந்து மகள் தினம் ஒரு முட்டை தின்றாள். அடுத்த அடைக்கென்று அவர் தவிட்டுப் பானையில் சேர்த்தவற்றிலும் கை வைத்தேன்.

இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சுகள். கறுப்பு, செவலை, புள்ளி. ஒன்றுக்குக் கழுத்தில் மயிரே இல்லை. லெகார்ன் குஞ்சு போல மஞ்சளாகப் பேருக்குக்கூட ஒன்று இல்லை. இவரோ ஆபீஸில் பாதிப் பேரை வேடிக்கை பார்க்க அழைத்து வந்திருந்தார். "நம்ம ஊரு வெயிலுக்கு நெறம் மாறிப்போகும்" என்று விளக்கினார். அவர்கள் தலையாட்டினார்கள். அவர்களும் அதே பயிற்சிக்குப் போனவர்கள்தான்.

எல்லோரும் போன பிறகு, அந்த மொட்டைக்கழுத்துக் குஞ்சை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கொல்லையில் ஒற்றைக்காலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெனமும் குடுத்தியா?"

"குடுத்தேங்க."

அதன்பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில், கூண்டிலிருந்த முட்டையை அவரே எடுத்து அவித்து, உரிக்கத் தெரியாமல் பாதியை ஓட்டோடு பிய்த்து, மிச்சத்தை மகள் கையில் கொடுத்தார். கோழி விஷயத்தில் அவர் செய்த முதல் உருப்படியான காரியம் அது.