கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஈப்போவில் என் கணவர் காசநோய்க்காகத் தனி அறையில் இருந்தபோது, நான் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். உள்ளே போகும் தாதி, வாசலில் முகக்கவசத்தை மூக்கோடு அழுத்தி, ஊதிப் பார்த்து, காற்று கசியவில்லை என்று தெரிந்த பிறகே கதவைத் திறப்பாள். கண்கள் மட்டுமே தெரியும். அவள் தலைவாரி விட்டால் அவர் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“அவ்வளவு கிட்டப் போறியே, பயமா இல்லையா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பயந்தான்க்கா. வீட்டுல கைப்புள்ள இருக்குலா. அதான் மூக்கு காய்ச்சுப்போற அளவுக்கு அழுத்துறேன்.”

அவர் குணமாகி வீடு திரும்பிய பிறகு, செமோர் சந்தையில் ஒரு பெண் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். மூக்குத்தண்டில் காய்ப்பு. முகம், நான் பயந்ததைவிட அழகு.

“யாரு அது?” என்றார்.

“தெரியலையே,” என்றேன்.