பச்சைப் பொத்தான்

தையல்காரம்மாவுக்கு எழுத வராது. ஆனால் ஒரு தோளைப் பார்த்தால் கால் அங்குலம் தப்பாமல் சொல்லிவிடுவார். முன்பெல்லாம் அளவுகள் மனதிலேயே இருந்தன. கைபேசி வந்த பிறகு, நாடாவைப் பிடித்தபடியே அதனிடம் சொல்லி வைப்பது பழக்கமாயிற்று. "மாடி வார்டு குள்ளம்மா. தோள் பதினாலு. இடுப்பு முப்பத்தாறு. கேட்டா முப்பத்துநாலும்பா, நம்பாத."

இப்படித்தான் மருத்துவமனை நர்சுகள் நாற்பத்துமூன்று பேரின் சீருடை அளவும் அதற்குள் இருந்தது. வேலைக்கு வருவோர் போவோரை வாசலில் மடக்கி, இரண்டு வாரம் கால் கடுக்க நின்று எடுத்தது. மாதக் கடைசிக்குள் தைத்துக் கொடுத்துவிட்டால் வருஷா வருஷம் அந்த வேலை அவருக்கு.

திங்கட்கிழமை காலை திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. கீழே பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. பச்சையைத் தொட்டார். "புரியலேன்னா பச்சை, பயமா இருந்தா சிவப்பு" என்பது அக்காள் மகள் சொல்லிக்கொடுத்த பாடம். குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவள் வாக்குக்கு அப்பீல் கிடையாது.

துணியை விரித்து, கத்தரியை எடுத்து, முதல் அளவைக் கேட்கப் போனபோது கைபேசிக்குள் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

அக்காள் மகள் ஓடி வந்தாள். "இடம் நிறைஞ்சிடுச்சு, பேசி வச்சதையெல்லாம் அழிக்கட்டுமான்னு கேட்டிருக்கு சித்தி."

"நான் எங்க அழிக்கச் சொன்னேன்?"

"பச்சையத் தொட்டிருக்கீங்களே."

"நீதானேடி தொடச் சொன்ன!"

அவள் குரல்பதிவுச் செயலியின் உதவிப் பக்கத்தைத் திறந்தாள். மொழிப் பட்டியலைக் கட்டைவிரல் வலிக்கத் தள்ளியபின் தங்கள் மொழி அடியில் கிடைத்தது. தேர்ந்தெடுத்ததும் மேலே 'வணக்கம்' மட்டும் தமிழுக்கு மாறியது. மற்றதெல்லாம் ஆங்கிலமாகவே நின்றது. குறையை எழுதிப் போட்டாள். மரியாதையான பதில் உடனே வந்தது: அழித்ததை மீட்க முடியாது.

"உலகத்துல பாதிக்கு மேல இன்டர்நெட்டுக்கு வந்தாச்சு சித்தி..." ஏதாவது பேச வேண்டுமே என்று சொன்னாள்.

"அதுல நானும் ஒருத்தியா?"

"ஆமா."

"கூப்பிட்டு உக்கார வச்சவங்க, கேக்கறத நம்ம பாஷைல கேட்டா வாய் சுளுக்கிக்குமா?"

கண்ணை மூடி அளவுகளை நினைத்துப் பார்த்தார். குள்ளம்மா மட்டும்தான் வந்தாள். வேறு வழியின்றித் தலைமை நர்சுக்குப் போன் செய்தார்.

"மறுபடியும் அத்தன பேரையும் நிக்க வைக்கவா? விடுங்கம்மா, ரெடிமேடே வாங்கிக்கறோம். துணியத் திருப்பி அனுப்பிடுங்க."

விரித்த துணியைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். அப்போது கைபேசி சிணுங்கியது. அக்காள் மகள் படித்துச் சொன்னாள். "நம்ம குறை தீர்ந்துச்சான்னு கேக்குது."

கீழே பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று.

"எதத் தொடணும், சொல்லு" என்று விரலை நீட்டியபடி காத்திருந்தார் தையல்காரம்மா.