மூன்றாம் நாள் எழுந்த எருமை

நேற்று சிதம்பரம் மார்க்கெட்டில் கொத்தவரங்காய் பிஞ்சாகக் கிடைத்தது. காம்பைக் கிள்ளத் தொடங்கியதும் அந்தப் பச்சை வாசனை என்னைச் சமையலறையிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் ரயிலில் உட்கார வைத்துவிட்டது. சொன்னால் சிரிப்பீர்கள், கொத்தவரங்காய் என்றால் எனக்குப் பொரியல் ஞாபகம் வருவதில்லை, பாசஞ்சர் வண்டியின் மகளிர் பெட்டிதான் ஞாபகம் வரும்.

அப்போது எனக்கு மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை, வீடு சிதம்பரத்தில். சாயங்காலம் திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் முதலில் ஏறுகிறவள் துப்பட்டாவைப் போட்டு எல்லோருக்கும் இடம் பிடிப்பாள். உட்கார்ந்ததும் மடியில் செய்தித்தாளை விரித்துக் காய்களைக் கொட்டிக்கொள்வோம். ராத்திரிக்கான காய் வண்டியிலேயே தயாராகிவிடும். கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே இருக்கிறது? மதிய இடைவேளையில் எழுதியதை அந்தக் காதுகளுக்கு வாசிப்பேன். என் பங்குக் காயை மற்றவர்கள் கிள்ளித் தருவார்கள். அப்போது என் எழுத்துக்குக் கிடைத்த சன்மானம் அது ஒன்றுதான்.

எழுதியது மாயக் கதை. கடலுக்கடியில் ஒரு நாடு, அங்கே ஓர் இளவரசி, அவளைச் சுமந்து பறக்கும் கருமேகம் என்ற எருமை. குதிரைக்குத்தான் சிறகு வைத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் குதிரை ஏது? கடல் அரக்கனின் மூச்சு எப்படி நாறும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் வண்டி சிப்காட் ரசாயன ஆலைகள் பக்கம் போய்க்கொண்டிருந்தது. "இதோ வருதே, இதையே எழுதிக்கோ" என்றாள் நர்ஸ் விஜயா. எழுதிக்கொண்டேன்.

கதை கேட்கும்போது பிலோமினா அக்கா மட்டும் காயைத் தொடமாட்டார். பக்கத்து அலுவலகத்தில் தட்டச்சர் அவர். "இருவது வருசமா அடிக்கிறேன்டி. ஆபீசர் தப்பா எழுதிக் குடுத்தா தப்பாவே அடிச்சுக் குடுப்பேன். ஒரு கமா மாத்துனதில்ல" என்று பெருமையாகச் சொல்வார்.

ஒரு பதிப்பகம் மாயக் கதைகளுக்குப் போட்டி அறிவித்தது. தேர்வாகிற நாவல் புத்தகமாக வரும். அந்த வருஷம் எனக்கு அதைத் தவிர வேறு ஆசையே இல்லை, வீட்டில் எடுத்த கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளிப்போட்டிருந்தேன். தமிழில் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும் என்றிருந்தார்கள். எனக்கு அது வராது. "குடு, வீட்டுக் கம்ப்யூட்டர்ல நான் அடிச்சுத் தரேன்" என்றார் அக்கா.

ஒருநாள் கடைசி அத்தியாயத்தையும் வாசித்து முடித்தேன். அரக்கன் கடலில் கலந்த விஷம் முழுவதையும் கருமேகம் குடித்துவிட்டுச் செத்துப்போகிறது. அக்கா மூக்கைச் சிந்தினார்.

"ஏண்டி, வாயில்லா ஜீவன் உன்ன என்ன பண்ணுச்சு? விட்டுடேன் அத."

"செத்தாத்தான்கா கத நிக்கும்" என்றேன். அப்போது எனக்குத் தலைக்கனம் ஜாஸ்தி.

தபாலில் சேர்ப்பதற்கான கெடு முடிகிற நாள் காலையில் வண்டியில் அக்கா கவரைக் கொடுத்தார், ஒட்டியே இருந்தது. "பிரிச்சுப் பாக்கலியா?" என்றாள் விஜயா. "அக்கா அடிச்சத யாராவது சரிபாப்பாங்களா?" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு நேராகத் தபால் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சில மாதங்களில் பிரதி திரும்பி வந்தது, கூடவே ஒரு கடிதம். நாவல் அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்ததாம். ஆனால் செத்த எருமை எழுந்து வருவது மொத்தக் கதையையும் கெடுத்துவிட்டதாம். எந்த எருமை எழுந்தது? கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். கருமேகம் விஷத்தைக் குடித்து விழுகிறது, ஊரே அழுகிறது. மூன்றாம் நாள் காலையில் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, புல் கேட்கிறது! மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை ஒருநாளும் தவறவிடாத அக்காவுக்கு, செத்தவர் எத்தனையாவது நாள் எழ வேண்டும் என்பதில் சந்தேகமே வந்திருக்காது.

எனக்கு மூக்குமேல் கோபம் வரும். மறுநாள் வண்டியிலேயே கத்தினேன். "யாரக் கேட்டு மாத்துனீங்க? என் புக்கே போச்சு!"

அக்கா தலை நிமிரவில்லை. "உனக்கு மனசு வந்துச்சு, எழுதிட்ட. எனக்கு அடிக்கக் கை வரலடி. ரெண்டு நாள் அப்படியே வச்சிருந்தேன்."

பெட்டியில் ஒருத்தியும் ஆச்சரியப்படவில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

அன்றோடு ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸில் போகத் தொடங்கினேன். கோபம் சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் நானாகப் போய்ப் பேச வெட்கமாக இருந்தது. பிறகு எனக்குத் திட்டக்குடிக்கு மாற்றல் வந்தது. அக்கா ஓய்வுபெற்று மகனோடு வெளியூர் போனதையும் அங்கேயே காலமானதையும் விஜயா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசாமல் இருந்துவிட்டேனே என்று இன்றைக்கும் மனது அடித்துக்கொள்கிறது.

இப்போதும் அந்த வண்டியில் பெண்கள் போகிறார்கள், ஆளுக்கொரு இயர்போனோடு. நானும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், போனில், ஒரு செயலியில். புத்தகம் இன்னும் வரவில்லை. படிக்கிறவர்கள் இதயப் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். போன மாதம் ஒரு வெள்ளை யானையைக் கொன்றேன், அதற்கு முன்பு இரட்டைக் குழந்தைகளை. 'அருமை, தொடருங்கள்' என்று எழுதினார்கள். ஒருத்தர்கூட என்னிடம் சண்டைக்கு வரவில்லை.