உடைசல் ரோடும் என் பின்சக்கரமும்

சைக்கிளில் வேலைக்குப் போகிற பொம்பளையைப் பார்த்தால் எல்லாருக்கும் யோசனை சொல்லத் தோன்றும். ஸ்கூட்டி வாங்கேன் என்பார்கள், ஷேர் ஆட்டோவில் போயேன் என்பார்கள், வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டியதுதானே என்பார்கள். டயரில் காற்று இருக்கிறதா என்று மட்டும் இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. கரண்டு பெட்டிக்குள் மாட்டுகிற பியூஸ் கட்டை செய்கிறோம். அச்சிலிருந்து எடுத்த கட்டை காய்ந்ததும் ஓரத்தில் நிற்கிற பிசிறைத் தேய்த்து எடுப்பது என் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போகும். சாயங்காலம் ஐந்தரைக்கு மணி அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிடுவேன். எங்கள் கம்பெனியில் மணி அடித்ததும் கிளம்புகிற பொம்பளை நான் ஒருத்திதான்.

மற்ற எல்லாரும் கம்பெனி வேனில் வருகிறவர்கள். காலையில் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். அதெல்லாம் மகராசனாக நடக்கும். சாயங்காலம் எப்போது கிளம்பும் என்பதைத்தான் சூப்பர்வைசர் சொல்லவேண்டும். லோடு கட்டி முடியவில்லை என்றால் ஏழாகும், எட்டாகும். வேனில் வந்தவள் வேன் கிளம்பும்போதுதான் போகலாம். எனக்கு எதிரில் உட்கார்ந்து பிசிறு தேய்க்கிற பெண் அப்படித்தான் போவாள். என்னைவிட ரொம்பச் சின்னவள், அக்கா அக்கா என்று என் குழம்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறவள். அவளுக்கு ஒன்றாவது படிக்கிற மகள் ஒருத்தி உண்டு. இவள் போய்ச் சேரும்போது அந்தக் குழந்தை பக்கத்து வீட்டில் தூங்கியிருக்கும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைத் திறப்பதுதான் தினமும் என் பிழைப்பு என்று சொல்லுவாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

என்னையும் அந்த வேனில் ஏற்றிவிட வேண்டும் என்று சூப்பர்வைசர் தலைகீழாக நின்றார். என் பிள்ளைகள் பெரிசாகிவிட்டார்கள், வீட்டுக்காரர் பாதி நாள் ராத்திரி ஷிப்ட்டு, மாடு கன்று கிடையாது என்று என் வீட்டு நிலவரம் முழுக்க அவருக்கு அத்துப்படி. அதனால் ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"சாயங்காலம் அப்படி என்னாம்மா வேல உனக்கு வூட்ல?"

"வேல இருந்தாத்தான் போவணுமாங்க சார்?" என்றேன்.

அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. மணிமுத்தாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை இருக்கிறது. சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு டீ, ஒரு போண்டா. ஆற்று மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பேன். வெளிச்சம் போவதற்குள் வீட்டுக்குப் போய்விடுவேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்னை யாரும் எதற்கும் கூப்பிட முடியாது. அதை விட்டுக்கொடுக்க என்னால் ஆகாது, அவ்வளவுதான்.

அதற்கு உலை வைக்க வந்தது உடைசல். சூளையிலிருந்து கீறல் விட்டும் கோணிக்கொண்டும் வருகிற கட்டைகளைத்தான் உடைசல் என்போம். எங்கள் பேட்டையில் எந்தப் பள்ளத்துக்கும் அதுதான் வைத்தியம். ரோட்டில் குழியா, கொட்டு உடைசலை. வாசலில் சேறா, கொட்டு உடைசலை. சும்மா கிடைக்கிறது, மழைக்குக் கரையாது, பார்க்கவும் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. ஆனால் அதன் மேல் வேன் ஏறி இறங்கினால் என்ன ஆகும்? கட்டை நொறுங்கி ஊசி ஊசியாகச் சிதறும். வேன் டயருக்கு அது உறைக்காது. குழி போட்டது வேன், குழியை மூடுவது வேனுக்காக, குத்துவது மட்டும் என் டயரை. நல்ல நியாயம்.

மழைக்காலம் தொடங்கியதும் பஞ்சருக்கு மேல் பஞ்சர். வழியில் இருக்கிற பஞ்சர் கடைக்காரர் வீட்டில் சாப்பிட்டு, பேப்பர் படித்து, ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் கடை திறப்பார். அதற்குள் எங்கள் கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்கள். இரண்டு தடவை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துப் போய் நின்றேன். இன்னொரு வாட்டி லேட்டானால் வேனில் வரவேண்டும், இல்லையென்றால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் தீர்த்துச் சொல்லிவிட்டார். சொன்னபோது அவர் முகத்தில் கோபமே இல்லை. சந்தோஷமாக இருந்தார்.

அன்றைக்கே கடைத்தெருவில் சொல்யூஷன் டியூப், உப்புத்தாள், சின்னதாக ஒரு கைப்பம்பு எல்லாம் வாங்கினேன். டயரை நெம்புவதற்கு வீட்டில் இரண்டு பழைய ஸ்பூன் இருந்தன. முதல் தடவை ஸ்பூன் முனையாலேயே டியூபைக் கிழித்துவிட்டேன். இரண்டாவது தடவை சொல்யூஷன் காய்வதற்குள் அவசரப்பட்டு ஒட்டினேன், சாயங்காலம் வீடு திரும்புகிற வழியில் பிரிந்துகொண்டது. அடுத்த தடவை அழகாக ஒட்டினேன். ஆனால் குத்தின துண்டை டயரிலேயே விட்டுவிட்டேன், மறுநாள் அதே இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பஞ்சர் கடை வைக்கப் போறியா என்று கேட்டார். வைத்தால் முதல் கிராக்கி நீங்கள்தான் என்று சொன்னேன்.

அப்புறம் பிடிபட்டது. காற்று இறங்கியிருந்தால் முதலில் கொஞ்சம் காற்றடித்து வால்வு வாயில் எச்சில் தொட்டு வைக்கவேண்டும். குமிழ் வந்தால் கோளாறு வால்வுக்குள் இருக்கிற சின்ன ரப்பரில், டயரைக் கழற்றவே வேண்டாம். ஓட்டையை ஒட்டிய பிறகு பழைய புடவைத் துணியை டயருக்குள் விட்டுச் சுற்றித் துடைக்கவேண்டும். விரலுக்குச் சிக்காத துண்டு துணியில் மாட்டும். தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் டயரைச் சுற்றிப் பார்த்து, பதிந்திருப்பதை ஊக்கால் தோண்டிவிடுவேன். நாலு நாளைக்கு ஒரு தடவை காற்றடிப்பேன். தொளதொள என்று இருக்கிற டயர்தான் எதையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். பழைய டியூபைக் கிழித்து டயருக்கும் டியூபுக்கும் நடுவில் ஒரு சுற்று வைத்தேன். அதற்கப்புறம் ரொம்ப நாள் பஞ்சர் இல்லை. சூப்பர்வைசர் காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். நான் வணக்கம் சார் என்று மணியடித்துக்கொண்டு உள்ளே போவேன்.

அந்தச் சாயங்காலம் மணி அடித்ததும் வெளியே வந்து பார்த்தால் பின்டயர் தரையோடு தரையாகக் கிடக்கிறது. மத்தியானம் நாங்கள் வேலையில் இருக்கும்போது சைக்கிள் நிறுத்துகிற இடத்திலிருந்து கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் புது உடைசல் கொட்டியிருந்தார்கள். கொட்டினவர்கள் என் சைக்கிளை அதன் மேலேயே இழுத்து ஓரம் கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அவசர லோடு. கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் எல்லாரும் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வண்டிதான் போச்சே. வந்து நாலு பெட்டி கட்டும்மா. எட்டு மணிக்கு வேன்ல போயிக்கலாம்" என்றார்.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். பையில் எப்போதும் வைத்திருக்கிற ஸ்பூனைப் போட்டு டயரை நெம்பி டியூபை உருவினேன். காற்றடித்து, தண்ணீருக்கு எங்கே போவது என்று பார்த்தால் காலடியிலேயே அவர்கள் மூடாமல் விட்ட ஒரு குழியில் மழைத்தண்ணீர் நின்றது. டியூபை அதில் முக்கினேன், குமிழ் வந்தது. உப்புத்தாள் பையில் நனைந்து கூழாகியிருந்தது. சுற்றிலும் பார்த்தேன். அப்புறம் பக்கத்தில் கிடந்த ஒரு உடைசலைக் கையில் எடுத்தேன். பியூஸ் கட்டைக்கு அடிப்பக்கம் மெருகு பூசுவதில்லை, சொரசொரவென்று இருக்கும். அதை வைத்து ஓட்டையைச் சுற்றித் தேய்த்தேன். உப்புத்தாளைவிட நன்றாகவே பிடித்தது.

சொல்யூஷனைத் தடவிவிட்டுக் காய்வதற்காகக் காத்திருந்தேன். அதுதான் கஷ்டம். எல்லாரும் பார்க்கிறார்கள், அவர் இடுப்பில் கை வைத்து நிற்கிறார், நான் ஒரு ரப்பரை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒட்டும் என்று நினைக்கிறாயா என்று கேட்டார். அதற்குள் சொல்யூஷன் காய்ந்திருந்தது. பழைய டியூபில் வெட்டி வைத்திருந்த ஒட்டுத்துண்டை வைத்து அழுத்தி, துணியை டயருக்குள் விட்டுச் சுற்றினேன். ஒரு இடத்தில் மாட்டியது. ஊக்கால் தோண்டி எடுத்தால் அரிசி முனை அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு. எழுந்து போய் அதை அவர் கையில் வைத்தேன்.

"உங்க சாமான் சார். நீங்களே வச்சிக்குங்க."

கொட்டகையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். நான் டயரை மாட்டிக் காற்றடித்தேன். கிளம்பப்போகும்போது எனக்கு எதிரில் பிசிறு தேய்க்கிற அந்தப் பெண் கட்டிக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"காரியர் தாங்குமாக்கா?"

புது ஒட்டு, பழைய டயர், இரண்டு பேர். தாங்குமா என்று எனக்கே சந்தேகம்தான். தாங்கும் என்று சொன்னேன்.

சூப்பர்வைசருக்கு இப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது. என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவளிடமும் கேட்டார், உனக்கு என்னம்மா அப்படி வேலை வீட்டில் என்று. ஒன்றாவது படிக்கிற பிள்ளை இருக்கிறது, பக்கத்து வீட்டில் தூங்கிவிடுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரே இரங்கி ஒரு நாளைக்கு விட்டுவிடுவார். அவள் அதைச் சொல்லவில்லை.

"வேல இருந்தாத்தான் போவணுமாங்க சார்?" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் முழுசாகச் சொன்னாள்.

கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் உடைசல். அதன் மேல் உருட்ட எனக்கு மனசு வரவில்லை. நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன், அவள் காரியரைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேருமாகச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். காலுக்குக் கீழே நறநறவென்று நொறுங்கியது. பின்னால் இருந்து அவர் நாளைக்கு வருவீங்கல்ல, பார்த்துக்கறேன் என்றார். வருவோம், மணிக்கு முன்னாடியே வருவோம் என்று திரும்பாமலேயே சொன்னேன்.

அன்றைக்கு டீக்கடையில் நிற்கவில்லை. பாலத்தைத் தாண்டி நேராக அவள் தெருவுக்கு மிதித்தேன். பக்கத்து வீட்டு வாசலில் யூனிபாரத்தோடு அந்தக் குழந்தை உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்து ஓடி வரவில்லை. வேன் எங்கே என்று ரோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தது. வேன் இல்லை. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அப்புறம்தான் ஓடி வந்தது.

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு குனிந்து பின்டயரை அமுக்கிப் பார்த்தேன். காற்று அப்படியே இருந்தது.