குழாய் வராத சந்துக்குப் போய் வந்தேன்

2006 ஜூலையில் நான் திருப்பூர் போனதற்குக் காரணம் என் அக்கா ஸ்டெல்லா. அவள் குடியிருக்கும் பேரூராட்சியில் தண்ணீர்க் கட்டணத்தை உயர்த்துவது பற்றியும் புதுக் குழாய் பதிப்பது பற்றியும் மக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் வைத்திருந்தார்கள். "நிதானமாப் பேச ஒரு ஆளு வேணும், வாடே" என்று போனில் கூப்பிட்டாள். பேரூராட்சியின் பெயரை எழுதப்போவதில்லை. பெருமாநல்லூர் சாலையில் இருக்கிறது, அது போதும்.

அம்பாசமுத்திரத்தில் காலை ஐந்து மணிக்கு ஏறினேன். திருநெல்வேலியில் மாறி, மதுரை மாட்டுத்தாவணி வந்தபோது பத்தேகால். திருப்பூர் பேருந்து அங்கே நிற்காது, நகரப் பேருந்து பிடித்து ஆரப்பாளையம் போக வேண்டும் (இதில் எனக்கு முக்கால் மணி நேரம் போயிற்று). ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகத் திருப்பூர் சேர மாலை நான்கு. மொத்தச் செலவு நூற்றிருபது ரூபாய்க்குள்.

அக்கா இருப்பது லைன் வீடு. ஒரே சுவரில் ஒட்டிய எட்டு வீடுகள், எட்டுக் குடும்பங்கள். அக்காவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மச்சான் தேவராஜ் டெய்லர். சந்து முனைப் பொதுக்குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வரும், எந்த நாள் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் பகலில்தான். கம்பெனியில் லீவு கேட்டால் வேலை போய்விடும் என்பதால், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜெனி பள்ளிக்குப் போகாமல் குடத்தோடு காத்திருப்பாள். மற்ற நாளுக்கு லாரித் தண்ணீர். இப்படியே லீவு போட்டால் பரீட்சை எழுத விட முடியாது என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். பொறியாளர் பொறுமையாகவே விளக்கினார். குழாய் பதிக்கக் கடன் வாங்கியாயிற்று. தவணை கட்டக் கட்டணத்தை ஏற்றித்தான் ஆக வேண்டும். வீட்டு இணைப்புக்கு வைப்புத்தொகை கட்டிய வீடுகள் எந்தத் தெருவில் அதிகமோ, அந்தத் தெருவில்தான் முதலில் குழி வெட்டுவார்கள். எங்கள் சந்து அதில் இல்லை. நான் எழுவதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

"எட்டுக் குடும்பமும் சேந்து கட்டுதோம் சார். எங்கட்ட வாங்கிக்கிடுங்க."

"ஊட்டு வரி யாரு பேர்ல இருக்குதோ, அவங்கதானுங்க கட்டோணும். குடியிருக்கறவங்ககிட்ட வாங்க ரூல்ஸ் இல்லீங்க."

"எம் பிள்ள பள்ளிக்கொடம் போகலை சார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குப் புரியுதுங்க. ஊட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, உடனே எழுதிக்கறேன்."

நான் பேசப் போனவன். விதி அப்படி என்றதும் அக்காவை உட்காரச் சொன்னேன். அடுத்து எழுந்தவர் தெருவிளக்கு பற்றிக் கேட்டார்.

வீட்டுக்காரர் திருப்பூரிலேயே ராயபுரத்தில் இருக்கிறார். அன்று மாலையே இருவரும் போனோம். உட்கார வைத்துக் காபி கொடுத்தார்.

"குழாய் வந்தா வரி ஏறுமுங்க. வாடகையும் ஏத்தோணும். ஏத்துனா பாதிப் பேரு காலி பண்ணிப் போயிருவாங்க. அடுத்த வருசம் பாக்கலாமுங்க."

"பணம் நாங்க தாரோம் அண்ணாச்சி. நீங்க வந்து கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்றாள் அக்கா.

"அடுத்த வருசம் பாக்கலாமுங்க" என்று அதே மரியாதையோடு மறுபடி சொன்னார். காபி டம்ளரை அக்கா குடிக்காமலே கீழே வைத்தாள்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் தண்ணீர் லாரிக்காரர் வந்தார். கட்டணம் ஏறப்போவது அவருக்கும் எட்டிவிட்டது. "எங்களுக்கும் கட்டுபடி ஆகோணுமில்லீங்களா" என்று ஒரு டிரம்முக்கு மூன்று ரூபாய் கூட்டிவிட்டார். வீட்டுக் குழாயே இல்லாத சந்துக்கு அதன் விலை உயர்வு மட்டும் முதலில் வந்து சேர்ந்தது.

அன்று சோறு பரிமாறிக்கொண்டே அக்கா சொன்னாள்: "ஜெனியைக் கூட்டிட்டுப் போயிருடே. அங்கன படிக்கட்டும்." "தண்ணி யாரு பிடிப்பா?" என்று கேட்டேன். கம்பெனியிலிருந்து நின்றுவிடுவாளாம். வீட்டிலிருந்தபடி பனியனில் பிசிறு வெட்டிக் கொடுத்தால் பாதிக் கூலியாவது வரும் என்றாள். தாமிரபரணி ஓடும் ஊரில் பிழைப்பில்லை என்று வந்தவள் அவள். ஜெனி அழவில்லை. தன் துணிகளை ஒரு கட்டைப்பையில் மடித்து வைத்தாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். சனிக்கிழமை சம்பள நாள், அன்று மாலை தெற்கே வரும் பேருந்தில் இடம் கிடைக்காது. காதர்பேட்டையில் பனியன் வாங்குவதானால் காலையிலேயே போய்விடுங்கள். வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், வாடகை பேசும்போதே அந்த வீட்டுக்குக் குழாய் இணைப்பு இருக்கிறதா, இல்லையென்றால் வீட்டுக்காரர் விண்ணப்பிப்பாரா என்று கேளுங்கள். கூட்டத்துக்குப் போனால் பயன் உண்டா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை. கெட்டவர் யாரையும் அங்கே நான் பார்க்கவில்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

அக்கா ஞாயிறுதோறும் பூத்திலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் போன் செய்கிறாள். முதல் சில வாரங்கள் ஜெனி, "குழாய் வந்துட்டாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பதில்லை.