கடலில் ஊறிய சில்லு

எங்கள் கிணற்றடியில் செவ்வரத்தைப் பூந்தொட்டிக்கு அடியில் ரயர் இல்லாத ஒரு கார்ச் சில்லு கிடக்கிறது. விளிம்பு அரித்து, மேலெல்லாம் குழி விழுந்து, வெள்ளைப் பொடி பூத்துப்போன சில்லு. வீட்டுக்கு வருகிறவர்கள் கால் கழுவும்போது, “இதென்ன பழைய இரும்பை வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்காமல் போவதில்லை. அது இரும்பு இல்லை, மக்னீசியம். என் கணவரின் தங்கை தன் காருக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்ட சில்லு. அவருக்கு நான் மச்சாள், எனக்கு அவர் மச்சாள். ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டு ஒரே வளவில் பாதி ஆயுளைக் கழித்தோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம் மாமா வாங்கிய கார் அது. இரண்டு பேர்தான் இருக்கலாம். கூரையை மடித்து வைக்கலாம். பச்சை நிறம், தரையோடு தரையாக ஓடும். எங்கள் பேசாலைச் சனம் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தது. மாமா கண்ணை மூடுவதற்கு முன் வீட்டை மகனுக்கும் காரை மகளுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சாள் வங்காலையில் கணக்கு ரீச்சர். தினமும் காலையில் தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடலை ஊடறுத்துப் போகும் தாம்போதி ரோட்டைத் தாண்டி, தவளையில் போய் வருவார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பினார்கள்.

பிறகு ஒரு மாரிகாலத்தில் மச்சாள் போன பஸ் குடைசாய்ந்தது. இடது தோள் எலும்பு முறிந்து, பொருந்தாமல் பொருந்தியது. அந்தக் கையால் கியர் மாற்றலாம், சோற்றுக் கோப்பை பிடிக்கலாம். பாரம் மட்டும் தூக்க முடியாது. காரை விற்றுவிடச் சொல்லி என் கணவர் தொடங்கினார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்குப் பயம். தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல், நிழல் கிடையாது, சில வேளை கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனுசர் இல்லை. அங்கே ரயரில் காற்றுப் போனால் ஒற்றைக் கையோடு என்ன செய்வாள் என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டார்.

“நத்தார்ப் பெருநாளுக்கு முன்னம் நீ தனிய ஒரு சில்லைக் கழட்டிப் பூட்டிக் காட்டு. பிறகு நான் வாய் திறக்கமாட்டன். இல்லையெண்டால் காரைக் குடுத்திடவேணும்.”

மச்சாள் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு நேரே காரடிக்குப் போனார். அந்த இரும்புச் சில்லு ரயரோடு சேர்ந்து பிணப்பாரம். முழங்கால் உயரம் எழும்பியது, பிறகு நழுவி அவருடைய கணுக்காலில் விழுந்தது. நான் எண்ணெய் பூசிவிடும்போது மச்சாள் அழவில்லை. “கையை மாத்தேலாது, மச்சாள். சில்லை மாத்தலாம்” என்றார்.

அவருடைய பள்ளித்தோழியின் கணவர் கொழும்பில் கார் ஓட்டப்போட்டிகளுக்குப் போகிறவர். அவர் எங்கள் காருக்குப் பொருந்தக்கூடிய மூன்று வகைச் சில்லில் ஒவ்வொன்றைச் சாக்கில் கட்டி ரயிலில் அனுப்பினார். ஒன்று கம்பிச் சில்லு, ஒன்று அலுமினியம், ஒன்று மக்னீசியம். மச்சாள் மூன்றையும் பழைய இரும்புச் சில்லோடு சேர்த்து, படகுகள் வைத்திருந்த சம்மாட்டியாரின் மீன் வாடிக்குக் கொண்டுபோனார். மீன் நிறுக்கும் தராசுக் கொக்கியில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு நிறுத்தார்கள். வாடியில் நின்ற பெடியளுக்கு நல்ல பொழுதுபோக்கு. “ரீச்சர், செதிலைச் சுரண்டிப்போட்டு நிறுக்கட்டோ?” என்று ஒருவன் கேட்டான். “முதல்ல உன்ர வாயை நிறு” என்றார் மச்சாள்.

கம்பிச் சில்லு கண்ணுக்குத்தான் இலேசு, தராசில் இரும்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அலுமினியம் நன்றாகக் குறைந்தது. மக்னீசியம் எல்லாவற்றிலும் இலேசு, சம்மாட்டியார் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். அன்று பின்னேரமே மச்சாள் அதற்கு ரயர் போட்டு, என் கணவரை முற்றத்தில் நிறுத்திவைத்து, தனியாக ஏற்றிப் பூட்டினார். இவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். “சரி, இதையே எடு. கதை முடிஞ்சுது” என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

மச்சாள் அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. எங்கள் கரையில் புதுக் கயிறு வாங்கினால் யாரும் உடனே படகில் கட்டமாட்டார்கள். முதலில் கடலில் ஊறப்போட்டு, சுருங்குகிறதா, முறுகுகிறதா என்று பார்த்த பிறகுதான் அதை நம்பி உயிரைக் கட்டுவார்கள். மச்சாள் மக்னீசியத்தையும் அலுமினியத்தையும் படகு கட்டும் முளையில் சேர்த்துக் கட்டிக் கடலுக்குள் இறக்கிவிட்டார்.

“உங்களுக்கு விசரோ? சில்லு என்ன கயிறா?” என்று நானே சத்தம் போட்டேன்.

“இஞ்ச வீட்டுக் கதவுப் பிணைச்சலே உப்புக் காத்தில உக்குது. சில்லு மட்டும் தப்புமோ?” என்றார்.

சில கிழமை கழித்து இழுத்து எடுத்தபோது அலுமினியம் மினுக்கம் குறைந்து, பாசி பிடித்திருந்தது. உரசினால் கீழே திடமாக இருந்தது. மக்னீசியத்தில் பூச்சு எங்கெல்லாம் கீறியிருந்ததோ அங்கெல்லாம் கடல் புகுந்து தின்றிருந்தது. மச்சாள் நகத்தால் கீறினார், வெள்ளையாக உதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து, இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு வந்த, சில்லு அனுப்பிய கொழும்புக்காரர் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தார். தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஐயோ ரீச்சர், ரோட்டில ஓடுற சாமானைக் கடலுக்குள்ள போட்டிருக்கிறியளே!”

“நீங்கள் உங்கட ரோட்டில ஓடிப் பாத்தியள். நான் எங்கட ரோட்டுக்கு இதைப் பாத்தன்” என்றார் மச்சாள். மனுசர் சிரித்துவிட்டார். கெட்டுப்போனதை நினைவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அலுமினியத்தில் முழுச் செட்டும் அனுப்ப ஒப்புக்கொண்டார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அலுமினியம் மக்னீசியத்தை விடப் பாரம், மச்சாளின் கைக்கு இன்னும் அடங்கவில்லை. என் கணவரும் பிடித்த பிடியை விடவில்லை. “அண்டைக்குப் பூட்டினது வேற சில்லு, இது வேற” என்றார். நத்தாரும் கிட்ட வந்துகொண்டிருந்தது. மச்சாள் பள்ளி விட்டு வந்து தினமும் வேப்பமரத்தடியில் காரை யக் வைத்து உயர்த்துவார். நிலத்தில் குந்தி, சில்லுக்கு அடியில் பாதத்தைக் கொடுத்து நெம்பி, வலது கையால் மேலே பிடித்து, துளைகளைப் பார்த்துப் பொருத்தப் பார்ப்பார். விழும். திரும்பவும் பாதத்தைக் கொடுப்பார். நான் கிட்டப் போனால், “தொடாதேங்கோ மச்சாள்” என்று கத்துவார். ஒருநாள் ஆத்திரத்தில் சில்லை எட்டி உதைத்துவிட்டு, காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவரும் அழுகையோடு சிரித்தார், பிறகு திரும்பவும் குந்தினார். அவ்வளவு பிடிவாதத்தை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. எனக்கு அவரில் பொறாமை கூட வந்தது.

நத்தாருக்குக் கிட்ட என் கணவருக்கு வங்காலையில் ஒரு அலுவல் இருந்தது. தங்கையோடு தவளையில் போனார். தாம்போதி நடுவில் காற்றுப் போனது. அதன் பிறகு நடந்ததை இரண்டு பேரும் எனக்குத் தனித்தனியே சொன்னார்கள், ஒரே மாதிரிச் சொன்னார்கள். அந்த வீட்டில் அது அதிசயம்.

“அண்ணை, இதைப் பிடிச்சுக்கொண்டு அங்கால நில்லுங்கோ” என்று மச்சாள் தன் பையையும் குடையையும் அவர் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் குந்தினார். வெயில், காற்று. சில்லு ஒருமுறை நழுவியது. இவருக்குக் கை துறுதுறுத்ததாம். அந்த நேரம் மீன் லொறி ஒன்று வந்து நின்று, இரண்டு பெடியள் குதித்து ஓடி வந்தார்கள். மச்சாள் தலையை நிமிர்த்த முன்னமே இவர் குறுக்கே போய் நின்றார்.

“வேண்டாம் தம்பியவை, நீங்கள் போங்கோ. அவ பூட்டுவா.”

அவ பூட்டினா. நட்டை இறுக்கி முடித்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். இவர் பையையும் குடையையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். வங்காலை வரும்வரை வாய் திறக்கவில்லை.

சண்டைக் காலத்தில் நாங்கள் வீட்டை விட்டுப் போனோம். திரும்பி வந்தபோது காரும் இல்லை, அந்த நல்ல சில்லுகளும் இல்லை. ஒருவருக்கும் தேவைப்படாத இது மட்டும் கிணற்றடியில் கிடந்தது. என் கணவரும் மச்சாளும் இப்போது பேசாலைச் சேமக்காலையில் பக்கத்தில் பக்கத்தில் கல்லறைகளில் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு பேரின் ஞாபகமும் இந்தச் சில்லில்தான் வரும்.

போன கிழமை தொட்டியை வெயிலுக்கு மாற்றவேண்டியிருந்தது. மகன் தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, “அம்மா, சில்லை விடுங்கோ, நான் தூக்கிறன்” என்று வந்தான். என் வலது கை இப்போது தேத்தண்ணிக் கோப்பைக்கே நடுங்குகிறது. ஊன்றுகோலை அவன் கையில் கொடுத்தேன். “அங்கால நில்லு” என்றேன். கிணற்றுக் கட்டில் குந்தி, பாதத்தை அடியில் கொடுத்து நெம்பினேன். ஒருமுறை நழுவியது. மகன் ஓரடி முன்னால் வந்தான், என் முகத்தைப் பார்த்தான், பிறகு ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தகப்பனைப் போலவே அங்கால போய் நின்றான். நான் திரும்பவும் பாதத்தைக் கொடுத்தேன்.